மச்சுக்குப் போட்ட ரோமம்

கிர்கிஸ் மலையில் டெரெக்-பாஷ் ஊரில் எந்த வீட்டு மச்சைப் பிரித்தாலும் கல்மூர்சாவின் கைவேலை இருந்தது. பலகைக்கு மேலே முழ உயரத்துக்கு ஆட்டு ரோமம், பூச்சி அண்டாமல் இருக்க நடுநடுவே காய்ந்த கசப்புச்செடி, அதற்கு மேலே வைக்கோல் கலந்த களிமண் பூச்சு. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது இல்லை.

ஆள் குட்டை. தோள் மட்டும் கதவகலம் இருக்கும். கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் அங்கே கொத்தனாராக இருந்தான். பண்ணை கலைந்தபோது கரண்டியும் போனது, கூலியும் போனது. கையில் மிஞ்சியது பங்காக வந்த கொஞ்சம் ஆடுகள். ரோமம் வாங்க வந்துகொண்டிருந்த லாரிகளும் நின்றுபோயின. ஜனங்கள் கத்தரித்த ரோமத்தை அள்ளிக்கொண்டுபோய் ஓடைப் பள்ளத்தில் கொட்டினார்கள்.

ஒரு நடுக்குளிரில் அந்தக் குவியலுக்குள் ஒரு நாய் குட்டி போட்டிருந்ததைக் கல்மூர்சா பார்த்தான். மூச்சு மீசையில் ஒட்டி உறைகிற குளிர். குவியலுக்குள் கையை விட்டான். அடுப்புச் சாம்பலுக்குள் விட்ட மாதிரி கதகதவென்று இருந்தது. தாய்நாய் கடித்து வைத்தது. கடிபட்ட கையோடு வீட்டுக்கு வந்தவன் பெண்டாட்டி உம்சுனையிடம் சொன்னான்:

"நாம மடையங்க புள்ள. நாய்க்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல."

"நாய் கடிச்சதும் புத்தி வந்துடுச்சாக்கும்," என்று அவள் கையைக் கழுவிவிட்டாள். "அப்படின்னா முன்னாடியே கடிச்சிருக்கலாம்."

அவன் சொன்னது சரிதான். பாட்டன் பூட்டன் எல்லாம் கம்பளிக் கூடாரத்துக்குள் பிறந்து அதற்குள்ளேயே செத்தவர்கள். பண்ணைக்காரன் செங்கல் வீடு கட்டிக் குடிவைத்த பிறகுதான் இந்த ஜனங்களுக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரிந்தது. கல்மூர்சா முதலில் தன் வீட்டு மச்சில் ரோமத்தைப் பரப்பினான். அந்த வருஷம் சாண வறட்டி பாதிதான் செலவானது. அடுத்த வருஷம் பக்கத்து வீட்டு போலோத்கான் கூப்பிட்டான். பிறகு ஊரே கூப்பிட்டது. பள்ளத்தில் கொட்டுகிறவர்கள் நின்றுபோனார்கள்.

வசந்தத்தில் கத்தரிக்கிற ரோமத்தை அவன் மச்சுக்கு ஏற்ற மாட்டான். அது நீளமாக இருக்கும், ஒன்றோடொன்று பிடிக்காது, ரெண்டே குளிரில் அமுங்கிப்போகும். இலையுதிர் கால ரோமம்தான் வேண்டும். குட்டையாக, சுருளாக, அழுத்தினால் திரும்ப எழுந்துகொள்ளும். அதைச் சாம்பல் தண்ணீரில் அலசி, கல்லின் மேல் காயவைத்து, பெண்களைக் கூட்டி அடித்துப் பஞ்சாக்கி, பிறகுதான் மேலே ஏற்றுவான். இதில் எதையாவது விடச் சொன்னால் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அப்படிப்பட்ட ஆள்.

மகன் தெமிருக்குக் கல்யாணம் ஆனபோது வீட்டோடு ஒட்டி ஓர் அறை கட்டத் தொடங்கினான். சுவர் எழும்பி முடிய இலையுதிர் காலம் கடந்துவிட்டது. அந்த வருஷ ரோமத்தை ஏற்கனவே ஊர் மச்சுகளுக்குக் கொடுத்து முடித்திருந்தான். "ஒரு குளிர்தானே, அடுத்த வருஷம் போட்டுக்கலாம்," என்றான். தெமிர் ரஷ்யாவுக்குப் பனி வாரப் போய்விட்டான். மருமகள் நூரிப்பா வெறும் பலகை மச்சுக்குக் கீழே பிள்ளை பெற்றாள். சுவரின் உள்பக்கம் வெள்ளையாகப் பனி பூக்கும். பெரியவர்கள் படுக்கிற அறைக்கு வந்துவிடச் சொல்லி உம்சுனை கூப்பிட்டாள். மாமனார் படுக்கிற இடத்தில் மருமகள் படுப்பதா என்று நூரிப்பா வரவில்லை. பிள்ளைக்கு இருமல் வந்தது. பாதை பனியில் மூடியிருந்தது. பிள்ளை போய்விட்டது.

யாரும் கல்மூர்சாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நூரிப்பா கீழே பார்த்தபடி டீ ஊற்றிக் கொடுத்தாள், முன்பு கொடுத்த மாதிரியே. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

செய்தி கேட்டு வந்த தெமிர் நூரிப்பாவைத் தன்னோடு கூட்டிப்போனான், அறை பூட்டிக் கிடந்தது; மறு வருஷக் கோடையில் அவள் பேறுகாலத்துக்கு ஊர் வந்தாள், இன்னொரு பிள்ளை பிறந்தது. ஆண். கல்மூர்சா தொட்டிலைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். அந்த அறையின் மச்சை ஒரு கழியால் தட்டினான். "முதல் பனி விழறதுக்குள்ள இதை மூடலைன்னா நான் ஆம்பளை இல்ல," என்றான், பக்கத்தில் யாரும் இல்லாதபோது. கதவுக்கு வெளியே நின்ற உம்சுனைக்கு மட்டும் கேட்டது.

ஊரில் யார் கூப்பிட்டாலும் அந்த வருஷம் போகவில்லை. தன் ஆடு, தன் ரோமம், தன் மச்சு. கணக்கு பார்த்தால் கொஞ்சம் குறைந்தது. வாசல்பக்க மூலை மூடாமல் நிற்கும் போலிருந்தது. தொட்டில் தொங்குவது அந்த மூலையில்.

மேய்ச்சல் பட்டியில் தனியாக உட்கார்ந்து ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்த நாளில்தான் அது நடந்தது. நன்றாக மேய்ந்துகொண்டிருந்த பெட்டை ஆடு ஒன்று தள்ளாடியது. பல்லை நறநறவென்று கடித்தது. கால் மடங்கி விழுந்தது. கல்மூர்சா ஓடினான். உயிர் போவதற்குள் கத்தி வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தின்ன ஆகாத பிணம். பிஸ்மில்லா சொல்லி அறுத்தான். வந்த ரத்தம் தார் மாதிரி கறுப்பாக இருந்தது. உறையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று விழுந்தது. அதற்கு மூக்கிலேயே கறுப்பு வந்தது.

டோபலாங், அடைப்பான் நோய். சொன்ன பேச்சு கேட்காத ஆட்டை மேய்ப்பவர்கள் நாள் முழுக்கத் திட்டுகிற வார்த்தை அது. "உனக்கு டோபலாங் வர" என்று சொல்லாமல் எந்தக் கிர்கிஸ்காரனும் ஆடு ஓட்டியதில்லை. வந்து பார்த்தவர்கள்தான் குறைவு. கல்மூர்சா சிறுவயதில் பார்த்திருக்கிறான். அவன் அப்பன் அப்படி ஓர் ஆட்டை உரித்து முழங்கையில் கரிக்கொப்புளம் வாங்கினான். பிழைத்தான். "ரத்தம் பட்ட இடத்துலதான்டா புடிக்கும்," என்று அந்தத் தழும்பைக் காட்டுவான்.

அதனால் என்ன செய்யக்கூடாது என்று கல்மூர்சாவுக்குத் தெரியும். உரிக்கவில்லை. இறைச்சியைத் தொடவில்லை. நாய்களைக் கட்டிப்போட்டான். ஆள் உயரத்துக்குக் குழி வெட்டினான். கையையும் கத்தியையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினான். ஊர்க் கால்நடை மருத்துவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பட்டியை அடைப்பார்கள், ஒரு பிடி ரோமத்தைக் கூட நகர்த்த விடமாட்டார்கள், அறை இந்தக் குளிருக்கும் வெறும் பலகையோடு நிற்கும்.

குழிக்குள் தள்ளப்போகும் நேரத்தில் அந்த ரோமத்தைப் பார்த்தான். மந்தையிலேயே அடர்த்தியான ரெண்டு ஆடு. வெள்ளை வெளேரென்று, சுருள் சுருளாக. வாசல்பக்க மூலைக்குச் சரியாக இருக்கும். நோய் ரத்தத்தில்தானே இருக்கிறது, முடியில் ரத்தமா ஓடுகிறது? வெட்டினால் வலிக்காத பொருள், செத்த பொருள், அதில் என்ன தங்கப்போகிறது? அவன் உட்கார்ந்தான். ரத்தம் தெறித்த கழுத்துப் பக்கத்தை விட்டுவிட்டு, முதுகையும் விலாவையும் மட்டும் பக்குவமாகக் கத்தரித்தான். பிறகு ஆட்டை உருட்டிவிட்டு மண்ணை மூடினான். ரோமத்தைச் சுருட்டி, இடது தோளில் கழுத்தோடு அணைத்துவைத்து, ஆற்றுக்கு இறங்கினான்.

வழக்கமாக ஒரு தடவை அலசுவான். அதை ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டி, ரெண்டு தடவை, கொதிக்கக் கொதிக்க அலசினான். காய்ந்ததும் மற்ற ரோமத்தோடு சேர்த்துக் கிளறினான். அதற்குமேல் எது எது என்று அவனுக்கே தெரியாது.

"போதுமா?" என்று உம்சுனை கேட்டாள்.

"போதும்."

"போன வாரம் குறையுதுன்னீங்க."

"எண்ணினது தப்பு," என்றான்.

ரோமம் அடிக்கிற நாள் வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கு ரெண்டு வில்லோ மரக் குச்சியோடு வந்தார்கள். கூலி கிடையாது. டீயும் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் ஆட்டிறைச்சியும் போட வேண்டும், அவர்கள் வீட்டு வேலைக்கு நாம் போக வேண்டும், அவ்வளவுதான். வெளியே காற்று அடித்ததால் கொட்டகைக்குள் மாட்டுத்தோலை விரித்து, கதவைச் சாத்திக்கொண்டார்கள். ரோமத்தைக் குவித்து, சுற்றி உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினார்கள். சலக் சலக்கென்று சத்தம். தூசி புகையாக எழுந்தது.

"நூரிப்பா, மெதுவா அடிக்கிறியே, யாரை நினைச்சு அடிக்கிற?" இது போலோத்கானின் பெண்டாட்டி சைரகான். அவள் வாய் ஊருக்கே தெரியும்.

"யாரையும் நினைக்கல அக்கா."

"புருஷனை நினைச்சு அடி. மாஸ்கோவுல எவளோட பனி வாரிக்கிட்டு இருக்கானோ."

"என் மகனைச் சொல்லாதடி," என்று உம்சுனை சிரித்தாள். "உன் வீட்டாளை நினைச்சு நீ அடி. குச்சி ஒடிஞ்சா நான் தர்றேன்."

"அவரை அடிக்கக் குச்சி பத்தாது அக்கா, ஏணி வேணும்."

சிரிப்பு வெளியே கேட்டது. கல்மூர்சா முற்றத்தில் பலகை அறுத்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்தே கழுத்தில் ஏதோ இறுக்கம். ரெண்டு நாளாகப் பூச்சிக்கடி மாதிரி அரித்தது, சொறிந்து விட்டிருந்தான். இப்போது அரிப்பு இல்லை, வலியும் இல்லை. தொட்டுப் பார்த்தால் மரத்துப்போன மாதிரி இருந்தது. போலோத்கானின் பழைய லாரி வேலியோரம் நின்றது. அதன் பக்கக் கண்ணாடியில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.

இடது காதுக்குக் கீழே சுற்றிலும் வீங்கி, நடுவில் கரி வைத்த மாதிரி கறுப்பு.

முதலில் கையைப் பார்த்தான். கத்தி பிடித்த கை. ரத்தம் தெறித்த கை. சுத்தமாக இருந்தது. திரும்பவும் கண்ணாடியைப் பார்த்தான். அந்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் படவில்லை. அந்த இடத்தில் பட்டது ஒன்றே ஒன்றுதான். தோளில் வைத்து அணைத்துக்கொண்டு வந்த ரோமம்.

கொட்டகைக்குள் சலக் சலக்.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். சொல்லாமல் நிறுத்த முடியுமா என்று பார்த்தான். கதவைத் தள்ளினான். தூசியில் முகங்கள் மங்கலாகத் தெரிந்தன.

"போதும். மீதியை நாளைக்குப் பாத்துக்கலாம்."

"என்னண்ணே, போர்சோக் தீந்துபோச்சா?" என்றாள் சைரகான்.

"இல்ல. காத்து... காத்து அதிகமா இருக்கு."

"காத்து வெளிய இருக்கு. நாங்க உள்ள இருக்கோம். இன்னும் ஒரு குவியல்தான், கதவைச் சாத்துங்க, பறக்குது."

குச்சிகள் நிற்கவில்லை. அவன் கதவைப் பிடித்தபடி நின்றான். அந்த நேரம் வீட்டுக்குள் பிள்ளை அழுதது. நூரிப்பா குச்சியைப் போட்டுவிட்டு எழுந்தாள். முக்காடு முழுக்க ரோமப் பிசிறு. மார்பில், கையில், புருவத்தில் பிசிறு. அப்படியே சட்டைப் பொத்தானை அவிழ்த்தபடி கதவுக்கு வந்தாள். கல்மூர்சா குறுக்கே கையை நீட்டினான்.

"மாமா, வழி விடுங்க. பால் குடுக்கணும்."

"போகாத."

"அழுகுது மாமா."

"அழட்டும். பிள்ளையைத் தொடாத! நீ தொடாத!"

அவன் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. குச்சிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள் உம்சுனை.

அவன் காலரை விலக்கிக் கழுத்தைக் காட்டினான். "டோபலாங்," என்றான். "ரெண்டு ஆடு விழுந்துச்சு. ஆட்டைப் புதைச்சுட்டேன். முடியைக் கொண்டாந்துட்டேன். இதுலதான் இருக்கு."

"எதுல?" என்றாள் சைரகான். அவள் மடி நிறைய ரோமம் இருந்தது.

அவன் அவள் மடியைக் காட்டினான். சைரகான் மடியை உதறிக்கொண்டு எழுந்தாள். "படுபாவி," என்றாள், சத்தமில்லாமல். "எங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு, டீ ஊத்தி... படுபாவி." ஆளுக்கொரு பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்த போலோத்கான் லாரியைக் கிளப்பினான். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தவன் எதுவும் கேட்கவில்லை. கல்மூர்சாவின் சட்டையைப் பிடித்துத் தூக்கிப் பின்பக்கம் போட்டான். நூரிப்பா முற்றத்திலேயே துணியை மாற்றி, தலையில் ரெண்டு வாளி ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு, பிறகுதான் பிள்ளையைத் தூக்கினாள். இடம் நெருக்கியது. எல்லாரும் ஏறிய பிறகு உம்சுனை கீழே நின்றாள்.

"ஏறு," என்றான் கல்மூர்சா.

"நான் அடுத்த நடைக்கு வர்றேன். முதல்ல பிள்ளைக்காரியும் மத்தவங்களும் போகட்டும். மாடு கறக்கணும். கொட்டகை திறந்து கிடக்கு, நாயும் கோழியும் உள்ள பூந்தா ஊரெல்லாம் பரவும்."

"ஏறுடி!"

"உங்க வேலையை நீங்க முடிச்சிட்டீங்க," என்றாள். "மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

லாரி போய்விட்டது. நகர ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஊசி போட்டார்கள், கல்மூர்சாவைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள், நோய் பரவிவிடும் என்று போலோத்கானையும் வெளியே விடாமல் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அடுத்த நடை என்ற ஒன்று இல்லாமல் போனது. உம்சுனை தனியாக அந்த ரோமத்தை எல்லாம் வாரினாள். வாயில் ஒரு துணி கட்டியிருந்தாளாம். முற்றத்தின் கடைசியில் கொண்டுபோய்க் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றினாள். ரோமம் லேசில் எரியாது, அணைந்து அணைந்து போகும். கோலால் கிளறிக் கிளறி, சாயங்காலம் வரை நின்று எரித்தாள். பிறகு மாடு கறந்தாள்.

மறுநாள் கால்நடை மருத்துவரோடு ஆஸ்பத்திரி வண்டி வந்தபோது, "சளிதான், ஒண்ணும் இல்ல," என்றாளாம். ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த கட்டடத்தில்தான் படுத்திருந்தாள். கல்மூர்சாவைப் போய்ப் பார்க்க விடவில்லை. மூச்சு அடைத்துப் போய்விட்டாள் என்று ஒரு நர்ஸ் வாசலில் நின்றபடி சொன்னாள்.

செத்தவர்களுக்காக முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போடுவார்கள். அதற்குள் கிடத்தி, பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். உம்சுனைக்குக் கூடாரம் போட விடவில்லை. குளிப்பாட்ட விடவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றி, சுண்ணாம்பு கொட்டி, முகமூடி போட்ட ஆட்கள் இறக்கினார்கள். தெமிருக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் மண் மூடியாகிவிட்டது. அழுவதற்கும் யாரும் வரவில்லை. வேலிக்கு வெளியே சில ஆண்கள் நின்று, கையேந்தித் துஆ கேட்டுவிட்டுப் போனார்கள்.

சைரகான் பிழைத்துக்கொண்டாள். மற்றப் பெண்களும் பிழைத்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை. பட்டியில் மிச்சமிருந்த ஆடுகளுக்கு ஊசி போட்டு, இன்னொருவர் மேய்க்கக் கொடுத்துவிட்டார்கள்.

கல்மூர்சா ஊர் திரும்பிய அன்று எல்லா முற்றத்திலும் புகை. முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு நாற்றம் வந்தது. கருகுகிற ரோமம். ஊர் ஜனங்கள் ஏணி போட்டு ஏறி, மச்சைக் கொத்திப் பெயர்த்து, அவன் இத்தனை வருஷமாகப் பரப்பிய ரோமத்தை எல்லாம் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்கள். நல்ல ரோமம். ஒரு புழு விழாத ரோமம். "அது சுத்தமானது, விடுங்க, குளிர் வருது!" என்று முதல் வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். மேலே நின்றவன் கேட்டான்:

"அன்னைக்கும் சுத்தம்னுதானே அடிக்கச் சொன்ன?"

அதற்குமேல் அவன் எந்த வேலியிலும் நிற்கவில்லை.

நூரிப்பா தொட்டிலை எடுத்துப்போக வந்தாள். கீழ்ப் பள்ளத்தாக்கில் அவள் அப்பன் வீடு. அவளுடைய அண்ணன் குதிரை வண்டியோடு வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை. பிள்ளை வண்டியில் இருந்தது.

"நீ பெரிய அறையில இரு," என்றான் கல்மூர்சா. "அங்க ரோமத்தை நான் பிரிக்கல. நல்லதுதான். நான் கொட்டகையில படுத்துக்கறேன். உன் கண்ணுலயே படமாட்டேன்."

அவள் தொட்டில் கயிற்றை அவிழ்த்தாள். முதல் தடவையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கழுத்துத் தழும்பில் பார்வை நின்றது.

"குளிருதுன்னு நான் ஒரு நாளாவது சொன்னேனா மாமா?"

"இல்ல."

"எங்கிட்ட கேட்டிருந்தா, மூலை திறந்தே கிடக்கட்டும்னு சொல்லியிருப்பேன். தொட்டிலை அந்தப் பக்கம் மாத்திக் கட்டியிருப்பேன். அத்தை இருந்திருப்பாங்க."

தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போனாள். வண்டி திரும்பும்போது பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அவன் வாசலுக்கு வரவில்லை.

பனி அந்த வருஷம் சீக்கிரமே விழுந்தது. ரோமத்தை எரித்த வீடுகளில் எல்லாரும் ஒரே அறையில் நெருக்கிப் படுத்தார்கள். வறட்டி பாதிக் குளிரிலேயே தீர்ந்து, வேலிக் கம்பைப் பிடுங்கி எரித்தார்கள். எல்லாவற்றுக்கும் அவன் பேரைச் சொல்லித் திட்டினார்கள். அதில் நியாயமும் இருந்தது. கல்மூர்சா பெரிய அறையைப் பூட்டிவிட்டு, நூரிப்பாவின் அறையில் வெறும் மச்சுக்குக் கீழே படுத்துக்கொண்டான். காலையில் கெண்டித் தண்ணீர் கட்டியாகிக் கிடக்கும். ஏன் இங்கே படுக்கிறாய் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

போலோத்கான் மட்டும் வாரம் ஒரு தடவை வருவான். வேலிக்கு இந்தப்பக்கம் கால் வைக்க மாட்டான். ஒரு மூட்டை வறட்டியை அங்கேயே இறக்கிவிட்டுக் கத்துவான்.

"டேய்! உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"இருந்து தொலை. கீழ பள்ளத்தாக்குக்குப் போயிருந்தேன்."

கல்மூர்சா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். செருப்பு போடவில்லை.

"பிள்ளை?"

"உக்காருதாம். அடுப்போரமே வச்சிருக்காங்க. வீட்டுல எல்லாரும் சுத்தி உக்காந்துக்கறாங்க, காத்து படாம."

"இருமல்?"

"இல்லையாம்."

கல்மூர்சா தலையசைத்தான். போலோத்கான் லாரியில் ஏறினான். அவன் போன பிறகு கல்மூர்சா மூட்டையை இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தான். அவிழ்க்கவில்லை. அங்கே ஏற்கனவே வந்த மூட்டைகளும் கட்டு அவிழ்க்காமல் பனி மூடிக் கிடந்தன.